ஐந்தில் ஒரு பங்கு சொர்ணக்கிளி

சிவகாசியில் தோற்றுப்போனவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஆனால் தோற்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேரம் பேசி, இன்ன மாதிரித்தான் தோற்பேன், இவ்வளவுதான் தோற்பேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தோற்றவர் தங்கப்பழம் அண்ணாச்சி ஒருவர்தான். காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற மூன்று மிஷின்களுக்குச் சொந்தக்காரர், அறுபத்திரண்டு வயது, பளபளக்கும் வழுக்கை, முப்பத்திரண்டு பல்லில் பத்து இல்லை. பேப்பர் வாங்கப் போனால் வண்டி வாடகை அவர்கள் தலையில், மை வாங்கப் போனால் காலி டப்பாவுக்குத் தள்ளுபடி என்று பேசியே வளர்ந்த மனிதர், மனைவி சொர்ணக்கிளி மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அடித்துப் பேசி வாங்கிய பொருளைக் கொண்டுவந்து காட்ட வீட்டில் ஆள் இல்லாமல் போகவே, மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு கேசினோவுக்குச் சீட்டாடப் போனார்.

ஆடியது பிளாக்ஜாக். வாங்குகிற சீட்டுகளைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, சீட்டுப் போடுகிற டீலரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதால்தான் அண்ணாச்சி அதில் தோற்றார். பதினைந்து கையில் இருக்கும், பேசாமல் இருந்தால் போதும், ஆனால் கடைக்காரன் கொடுத்ததற்கு மேல் ஒரு கொசுறு கேட்டே பழகிய வாய், 'இன்னொன்னு போடு' என்று சொல்லிவிடும். இருபத்தைந்து வரும். டீலர் சீட்டை வாரிக்கொள்வார்.

ஆனால் மேசைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவர் ராஜா. பெருந்தொகை வைத்து ஆடுகிறவர்களைக் கேசினோக்காரர்கள் விடமாட்டார்கள், தக்கவைத்துக்கொள்ள எதையும் இறங்கிக் கொடுப்பார்கள் என்ற ரகசியத்தை முதல் பயணத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டார். பெரிய ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் நிரஞ்சலா, தாளும் பேனாவுமாக எதிரே உட்காருவாள். எட்டுக் கட்டுச் சீட்டு வேண்டாம், ஆறு போதும். மிஷின் கலைக்கக் கூடாது, கையால் கலைக்க வேண்டும். ஏஸோடு சேர்ந்து பதினேழு வந்தால் டீலர் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அறை, சாப்பாடு, போக வர டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடுவில் இரண்டு தடவை எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு, "பக்கத்துத் தெருவுல இன்னொரு கேசினோ இருக்காம்ல" என்று வாசல்வரை போவார். நிரஞ்சலா மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள். கிடைத்துவிடும். கிடைத்ததையெல்லாம் பக்கத்துக்கு ஒரு கையெழுத்தாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மேசையில் போய் உட்கார்ந்து, அத்தனை சலுகைகளோடும் முறைப்படி தோற்பார்.

நான்காவது பயணத்தில்தான் தோற்ற தொகையில் பங்கு கேட்டார். மாடியில் இருந்த மேலாளர் யோசித்து, ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி தமிழில்தான் எழுத வேண்டும் என்றார். நிரஞ்சலா அழகான கையெழுத்தில் எழுதினாள்: தங்கப்பழம் அவர்கள் இன்று இந்த மேசையில் இழக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு திருப்பித் தரப்படும்.

"இன்றுன்னு எதுக்கு? ஒரு வருஷம்னு போடும்மா."

மாடிக்குப் போய்விட்டு வந்து அடித்துத் திருத்தினாள்.

"இந்த மேசைன்னா, நான் அடுத்த மேசைக்குப் போனா? அதையும் அடி."

அடித்தாள்.

"இழக்கும்னா இனிமேதான? ஏற்கெனவே மூணு தடவை வந்து இழந்திருக்கேன். இழந்தன்னு போடு. பணத்தில்னு எதுக்கு? பணத்துக்குப் பதிலா சில்லு வச்சுத்தான ஆடுறோம், நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"ஐயா, நீங்கள் எல்லாத்தையும் வெட்டினால் பிறகு என்னதான் மிச்சம்?" என்று சிரித்தபடி அவள் புதுத் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்: தங்கப்பழம் அவர்கள் இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கு திருப்பித் தரப்படும், ஓராண்டுக்குச் செல்லும்.

அன்று மத்தியானம் வழக்கம்போலத் தோற்றார், ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஊர் வந்தார், மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு பல் கூடுதலாக இருந்தது.

பத்துப் போனதில் இரண்டு, கணக்கு சரிதான் என்று வாய் கொப்பளித்தார். புதன்கிழமை இடது காதுக்கு மேலே கறுகறுவென்று ஒரு பட்டை முடி வந்தது, மிச்சத் தலை பழையபடியே இருந்ததால் யாரோ பாதியில் விட்டுப்போன வேலை மாதிரி இருந்தது. இருபது வருஷத்துக்கு முன் மதுரை பஸ்ஸில் விட்ட குடையின் கைப்பிடி மட்டும் வாசலில் கிடந்தது. இளமையும் இழந்ததில்தானே சேர்த்தி என்று அவர் ஆசையாகக் கண்ணாடி பார்த்தார். அதில் அவருக்கு வந்து சேர்ந்த பங்கு மூக்கு நுனியில் ஒரு முகப்பரு. கொழும்பில் போன மானத்தில் ஐந்தில் ஒன்று வியாழக்கிழமை வந்து சேர்ந்தது, அன்று முழுக்க அவரால் மிஷின்மேன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சொர்ணக்கிளி வந்தாள்.

பச்சைக் கரைச் சேலை, கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. கேட்டைத் திறந்துகொண்டு வந்தவள் அங்கேயே நின்று, "இதுக்கு யாரு இந்த நீலத்தை அடிச்சது? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவள் அவள். பிழை கண்ணில் படாமல் ஒரு வாசலைத் தாண்டியதில்லை. அண்ணாச்சிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தும், "பெயிண்டுல நாப்பது சதவீதம் குறைச்சுப் பேசுனேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. "அதான் தெரியுதே" என்று அவள் உள்ளே போய்ச் சாம்பாரை ருசி பார்த்து, உப்புப் போட்டாள். இரண்டு நாற்பத்தெட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சின் நடுவில் இல்லாமல் போனாள். அவர் பதறிப்போய் வீடெல்லாம் தேடிவிட்டு, காலண்டர் அட்டையின் பின்பக்கம் இருபத்து நான்கு மணியை ஐந்தால் வகுத்துப் பார்த்து, ஆறுதலாக உட்கார்ந்தார். மறுநாள் பத்து மணிக்கு வந்து, விட்ட வாக்கியத்தை முடித்தாள்.

தெரு அவளை இரண்டே நாளில் பழகிக்கொண்டது. முதலில் வந்தது எதிர்வீட்டுப் பிச்சைக்கனி, மூன்று வருஷத்துக்கு முன் இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையோடு, "திருப்பித் தரணும்னுதான் இருந்தேன் மதினி, அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க" என்று தலைகுனிந்து நின்றாள். சொர்ணக்கிளி மூடியைத் திருப்பிப் பார்த்து, "இது எங்க வீட்டு மூடி இல்ல" என்றாள். ரேஷன் கடைக்காரர் பெயரைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் முழு ஆளாகச் சேர்க்க விதி இல்லை என்று சொல்லி, அரைக் கிலோ சர்க்கரைக்கு நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். வருஷத் திதி வந்தபோது கொடுப்பதா வேண்டாமா என்று குழப்பம் வந்து, ஐந்தில் நான்கு பங்கு கொடுத்துவிடலாம் என்று ஐயர் முடிவு சொல்ல, அவளே எதிரே உட்கார்ந்து தன் திதியைச் சரிபார்த்து, நட்சத்திரத்தைத் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று ஐயரைத் திருத்தினாள். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த மகள்கள் பத்திலிருந்து இரண்டு நாற்பத்தெட்டுக்குள் வீடியோவில் வந்து, அழுது தீர்த்த பிறகு மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அச்சகத்தில் புரூஃப் எல்லாம் காலையிலேயே அவள் மேசையில் அடுக்கப்பட்டன, மூன்று வருஷமாகச் 'சுபமுகூர்த்தம்' என்பது 'சுபமுர்த்தம்' என்று போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பிறகு தாளின் பலன் வெளியே கசிந்து, ஊர் தன் நஷ்டத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது. தொலைந்ததை அண்ணாச்சி பெயருக்கு எழுதி வைத்தால் ஐந்தில் ஒன்று கிடைக்கும் என்று கோர்ட் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, காலையில் வரிசை நின்றது. ஒருத்திக்குத் தொலைந்த கம்மலின் திருகாணி கிடைத்தது. வார்டு தேர்தலில் தோற்றவருக்கு ஐந்நூறு ஓட்டில் நூறு ஓட்டு வாசலில் வந்து குவிந்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் பூட்டினார். ஓடிப்போன மகனுக்காக ஒரு தகப்பனார் வந்தார். அவருக்குத் தொலைபேசியில் மகன் குரல் மட்டும் வந்தது, 'நல்லா இருக்கேன்' என்று. அவர் அதுவே தாராளம் என்று அண்ணாச்சி கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாச்சிக்கு அந்தக் கை கூசியது. தாராளம் என்ற சொல்லை அவர் அதுவரை எதிராளி வாயிலிருந்துகூட நம்பியதில்லை.

ஏனென்றால் அவருக்கு அந்த ஐந்தில் ஒன்று போதவில்லை. அவள் வந்த சந்தோஷம் பத்து நாள் இருந்தது, பதினோராம் நாள் இரண்டு நாற்பத்தெட்டு கண்ணை உறுத்த ஆரம்பித்தது. சாயங்காலம் காப்பி ஆறிக் கிடந்தது. அவளோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால் பந்தி முடிவதற்குள் பக்கத்து இலை காலியாகிவிடுகிறது. பாதி கேட்டிருக்கலாமே, அவர்கள் கொடுத்திருப்பார்களே, நான் வாசல்வரை மூன்றாவது தடவை போகாமல் விட்டுவிட்டேனே என்று அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே சுமாராகப் பேசிய பேரம் அதுதான் என்று முடிவுசெய்து, வருஷம் முடியும் நாள் வந்ததும், புதுப்பிக்கும்போது பாதி வாங்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினார்.

"பேசாம இருக்கிறதையே புதுப்பிச்சுட்டு வாங்க" என்றாள் சொர்ணக்கிளி.

"உனக்கு வியாபாரம் தெரியாது."

கொழும்பில் பத்து மணிக்கு அவர் கேசினோ வாசலில் நின்றபோது அவள் அங்கேயே வந்துவிட்டாள், டிக்கெட் மிச்சம். காவலாளி பாஸ்போர்ட் கேட்டார். அண்ணாச்சி பையில் இருந்த இறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்ட, காவலாளி அதிலிருந்த பெயரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "ர்-க்குப் புள்ளி விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நிரஞ்சலா எழுந்து கும்பிட்டாள். "நீங்கள்தானா அம்மா? ஐயா உங்களைப் பற்றித்தான் கதைப்பார், சீட்டைப் பார்க்கவே மாட்டார்."

பேரம் தொடங்கியது. அண்ணாச்சி பாதி என்றார். ஏலாது என்றாள் நிரஞ்சலா. அவர் எழுந்து வாசல்வரை போனார், அவள் மாடிக்குப் போனாள். மூன்று தடவை போனார், மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை புதிதாக எழுதிய தாளோடு வந்தாள். "தாறம் எண்டு சொல்லிப்போட்டினம் ஐயா. இழந்ததில் பாதி, காலம் முழுக்க. ஆனால் அவையும் ஒண்டு கேக்கினம். நீங்கள் வென்றதில் பாதி எங்களுக்கு."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார், இரண்டு புதுப் பல்லும் தெரிந்தன. "நான் என்னைக்கும்மா ஜெயிச்சிருக்கேன்? எழுது, எழுது." பேனாவை எடுத்துவிட்டார்.

"கொடுங்க பார்ப்போம்" என்று சொர்ணக்கிளி தாளை இழுத்துக் கண்ணாடியைப் போட்டாள். இரண்டு வரிதான், அவள் அதை ஒரு வருஷக் காலண்டர் படிப்பதுபோலப் படித்தாள். பிறகு கையை நீட்டினாள், நிரஞ்சலா சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள்.

"வென்றதில்னு மட்டும் இருக்கு. எங்கே, என்னைக்கு, எதைன்னு ஒன்னும் இல்ல."

"எங்கடை மேலாளர் இப்பிடி வெட்டுறதை ஐயாவிட்டைத்தான் பழகினவர்" என்றாள் நிரஞ்சலா, தரையைப் பார்த்தபடி.

"இவரு ஜெயிச்சது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" சொர்ணக்கிளி தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனாள். "கூடப் பொறந்தவன் போட்ட கேஸை ஜெயிச்சுத்தான் அச்சகம். செத்துருவாருன்னு சொன்ன மஞ்சக்காமாலையை ஜெயிச்சாரு. பெரியவ குறைமாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா, ஒரு மாசம் அந்த வராண்டாவுலயே படுத்துக் கிடந்தாரு, அது ஒன்னு. இதுல பாதியக் கொடுக்கச் சொல்றீங்களா? அப்புறம் நான்."

"நீயா? உன்னை எப்பட்டி ஜெயிச்சேன்?" அவர் உண்மையிலேயே கேட்டார்.

"எங்கப்பா முடியாதுன்னுட்டாரு. நீங்க ஏழு ஞாயித்துக்கிழமை வந்தீங்க. உங்க வீட்டுல கேட்ட சீர்ல ஒவ்வொரு வாரமும் ஒன்னொன்னா வேண்டாம்னு சொல்லிச் சொல்லி, கடைசி வாரம் கட்டின சேலையோட அனுப்புங்கன்னீங்க. உங்க ஆயுசுல நீங்க குறைச்சுக்கிட்டே வந்த பேரம் அது ஒன்னுதான்."

அண்ணாச்சிக்கு அது மறந்தே போயிருந்தது. கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்த எதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவர் பேனாவை மூடினார்.

"சரிம்மா. பாதி வேண்டாம். பழையபடி ஐந்தில் ஒன்னு."

"அந்தத் தாள் இண்டையோடை முடியுது ஐயா. இது அல்லது ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டார்."

"பத்தில் ஒன்னு."

ஏலாது என்று அவள் தலையசைத்தாள்.

"நூத்துல ஒன்னு. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வரும். டிக்கெட் வேண்டாம், அறை வேண்டாம், எட்டுக் கட்டுச் சீட்டு வச்சுக்கோங்க, மிஷினே கலைக்கட்டும், டீலர் இஷ்டத்துக்கு எடுக்கட்டும்." வாங்கிய சலுகைகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார், வாங்கும்போது இரண்டு மணி நேரம் ஆனது, கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிரஞ்சலா மாடிக்குப் போனாள். வெகு நேரம் கழித்துக் கண் சிவந்து இறங்கி வந்தாள். "நான் எழுதுற ஆள்தான் ஐயா."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் கெடுத்தேன். வந்ததும் இருக்கிறதைக் கேட்டு வாங்கியிருக்கணும்."

"கெடுத்தீங்கதான்" என்றாள் சொர்ணக்கிளி. அவள் ஆறுதலுக்காகப் பிழையை மறைக்கிறவள் அல்ல. பிறகு அவர் கையை முகத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா ஒன்னு சொல்றேன். முப்பத்திரண்டு வருஷம் இருபத்து நாலு மணி நேரமும் உங்களோட இருந்தவ நான். இந்த ஒரு வருஷம்தான் நீங்க நான் பேசுறதைக் கடைசிவரைக்கும் கேட்டீங்க, எப்போ நின்னுடுவேனோன்னு. நாள் முழுக்கக் கொடுத்தா மறுபடியும் பேப்பர் விலைதான் பேசுவீங்க. மணி பன்னிரண்டே முக்கால் ஆச்சு, சோறு எங்க?"

கடலைப் பார்த்த மேசையில் சாப்பிட்டார்கள். அவள் மீனில் முள் முள்ளாக எடுத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டாள், இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள், புதிதாகப் பிறந்த பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று பெயர் சொல்லி மூன்றிலும் அவளே குறை கண்டாள். பேப்பர் விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டரை ஆனபோது, நீங்கள் அப்படி எதைத்தான் தோற்றீர்கள் என்று நானும் பார்க்கிறேன் என்று அவரை இழுத்துக்கொண்டு சீட்டு மேசைக்குப் போனாள்.

ஆகச் சிறிய சில்லு ஒன்றை வைத்தாள். முதல் ஆட்டம் போனது, சிரித்தாள். இன்னொன்று வைத்தாள். அவளுக்கு ஒரு பத்தும் ஐந்தும் வந்தன. டீலர் முன்னால் ஆறு திறந்திருந்தது, பக்கத்தில் ஒரு சீட்டு கவிழ்ந்திருந்தது. அவள் சீட்டுகளைக் கண்ணருகே கொண்டுபோய், "அச்சு நல்லா இருக்கு, ஆனா சிவப்பு அரை நூல் விலகியிருக்கு" என்றாள், "இப்ப நான்" என்றாள், நாற்காலி காலியாக இருந்தது. மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

டீலர் மரியாதையாக ஒரு நிமிஷம் காத்திருந்தார். நிரஞ்சலா மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, அம்மாவின்ரை கைக்கு இன்னொரு சீட்டு போடவோ?"

தங்கப்பழம் அந்தப் பதினைந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எத்தனையோ பதினைந்துகளின் மேல் இன்னொன்று கேட்டவர். போதும் என்று உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி, மேசைமேல் ஒரு தடவை அசைத்தார்.

டீலர் கவிழ்ந்த சீட்டைத் திருப்பினார், பத்து. பதினாறில் நிற்க அவருக்கு விதி இல்லை, எடுத்தார், ஒன்பது வந்தது. இருபத்தைந்து. சொர்ணக்கிளியின் சில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சில்லை வைத்தார். அண்ணாச்சி அந்த இரண்டையும் தொடவில்லை. அது அவள் ஜெயித்தது, யாருக்கும் அதில் பங்கில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. தடவிப் பார்த்தார், காதுக்கு மேலே முடி இல்லை, நாக்குக்கு இரண்டு பல் தட்டுப்படவில்லை. ஒரு முச்சக்கர வண்டிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எயார்போர்ட்டா ஐயா? ஆறாயிரம்."

அண்ணாச்சி பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரர் கிளம்பாமல் கண்ணாடியில் பார்த்தார். அந்த வாசலில் ஏறுகிற யாரும் முதல் விலைக்குத் தலையாட்டி அவர் பார்த்ததில்லை.

"பெற்றோல் விலை அப்பிடி ஐயா, அதான். சரி, ஐயாயிரத்தைந்நூறு தாங்க."

தங்கப்பழம் சரியென்று தலையசைத்தார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. வண்டி கடலோரமாகத் திரும்பியது. முதல் சிக்னலில் ஐந்தாயிரம் என்றார் வண்டிக்காரர், பாலத்தில் நாலாயிரத்தைந்நூறு என்றார், தன் மனைவியும் போன மாசி மாதம்தான் போனாள் என்று யாரும் கேட்காமலே சொன்னார், சொல்லிவிட்டு நாலாயிரம் என்றார், அதற்கு மேல் குறைக்கத் தெரியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு தேநீர் வாங்கி வந்தார். இருவரும் சாலையைப் பார்த்தபடி குடித்தார்கள். இறங்கும்போது அண்ணாச்சி ஆறாயிரம் கொடுத்தார், வண்டிக்காரர் இரண்டாயிரத்தைத் திருப்பித் திணித்தார், விமானத்துக்கு நேரமாகும்வரை அந்த இரண்டாயிரம் கை மாறிக்கொண்டே இருந்தது.